ஒற்றைக் கொம்பு

கொள்ளிடக்கரை மடத்தில் மத்தியானம் ஒரு வேளைதான் சோறு. அதற்கும் ஒரு விதி உண்டு. அடிகள் முதலில் ஒரு மணி நேரம் கதை சொல்வார். அப்புறம்தான் பந்தி. பந்திக் கூடத்து வாசலுக்கு மேலே, மடத்தை நிறுவியவரின் வாக்கைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள்: "கேட்டவர்க்கே சோறு."

வாசலில் நிற்பவர் தாண்டவராயர். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் மடமே கதியென்று வந்தவர். அடிகளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் சீடர் சீடர்தான். வரிசையில் வருகிறவர்களை, "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்பார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். திணறினால் அவரே முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பார். தங்கமான மனுஷர்.

ஒரு திங்கட்கிழமை, துணிப்பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். தாண்டவராயர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் அவர் வாயையே பார்த்தாள். மறுபடி கேட்டார். காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

"அவளுக்குக் காது கேக்காதுங்க ஐயா" என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

தாண்டவராயர் பலகையை அண்ணாந்து பார்த்தார். கேட்காதவளை எப்படி உள்ளே விடுவது? புன்னை மரத்தடியில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். பந்தி முடிந்ததும் தன் பங்குச் சோற்றை இலையோடு கொண்டுபோய் அவள் முன் வைத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். விதியும் மீறவில்லை, அவளும் பட்டினி இல்லை என்று அவருக்கு ஒரே நிம்மதி. அன்றைக்குக் கதை அன்னதானத்தின் பெருமை. வாசலில் நூறு பேர் "அன்னதானம், அன்னதானம்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்கள்.

நான்கு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் இலையை வைத்துவிட்டு நிமிர முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் வயிற்றைக் காட்டி, என்ன என்பதுபோல் கையை அசைத்தாள். தாண்டவராயர் வயிறு நிறைந்தவர்போலத் தட்டிக் காட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், அவள் ஏமாறவில்லை. இலையை அவர் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எவ்வளவு ஜாடை காட்டியும் அவள் தொடவில்லை. தாண்டவராயர் இலையை ஏந்திக்கொண்டு நேரே அடிகளிடம் போனார்.

"சாமி, காது கேக்காதவங்களுக்கு நம்ம விதி என்ன?"

"யாருக்கு?"

நடந்ததைச் சொன்னார்.

"நீங்க சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாள் சாமி."

அடிகள் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து, மடத்தை நிறுவியவர் தம் கையால் எழுதிய ஓலையை எடுத்துவந்தார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு நீட்டினார்.

"வாசிங்க ஐயா."

"கேட்டவர்க்கே சோறு."

"கொம்பைப் பாத்து வாசிங்க. ஒத்தைக் கொம்பா, ரெட்டைக் கொம்பா?"

"பழைய ஏட்டுல ரெண்டுக்கும் ஒரே கொம்புதானே சாமி? குறிலா நெடிலான்னு நாமதான் பாத்துக்கணும்." பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த பாடம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் இறங்கியது. "கெட்டவர்க்கே சோறு."

வாழ்ந்து கெட்டவர்கள். இருந்ததெல்லாம் போய் வந்து நிற்பவர்கள்.

"நெடில்னே வச்சுக்குங்க" என்றார் அடிகள். "கேட்டவர்னா கதை கேட்டவரா, சோறு கேட்டவரா?"

தாண்டவராயருக்குக் கோபமே வந்துவிட்டது. "தெரிஞ்சுமா சாமி சும்மா இருந்தீங்க?"

"நீங்க வந்து நிக்கிற வரைக்கும் நானும் கதை கேட்டவர்னுதான் வாசிச்சேன். ஏழு வயசிலேருந்து அந்த வாசல்ல கதைப் பேரைச் சொல்லிட்டுச் சோறு தின்னவன்தானே நானும்?"

"அப்ப எது சரின்னு இப்பச் சொல்லுங்க. கெட்டவர்க்கேன்னு பலகையை மாத்தி எழுதிடறேன்."

"எழுதிட்டு, வாசல்ல நின்னு என்ன கேப்பீங்க? நீ எப்படிக் கெட்டேன்னா?"

தாண்டவராயர் ஓலையை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்குப் பசின்னு எந்த ஏட்டுல வாசிச்சீங்க?"

அவர் ஓலையைத் திருப்பிக் கொடுத்தார். சோற்று இலையோடு புன்னை மரத்தடிக்குப் போய், சோற்றை இரண்டாகப் பிரித்து, அவள் எதிரே உட்கார்ந்து முதல் கவளத்தைத் தானே எடுத்தார். அவளும் எடுத்தாள்.

மறுநாள் பலகையைக் கழற்றிவிட்டார். கதை முடிந்து வரிசை வந்தது. அன்றைய கதை பொறுமை.

"உள்ள போங்க" என்றார் முதல் ஆளிடம்.

அவர் நகரவில்லை. "நீங்க இன்னும் கேக்கலையே ஐயா?"

"இனிமே கேக்கமாட்டேன். போங்க."

அந்த ஆள் கொஞ்சம் தயங்கினார். "பொறுமைங்க" என்று தானாகவே சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்தவரும் சொன்னார். அதற்கடுத்தவரும் சொன்னார்.

அந்தப் பெண்ணின் முறை வந்தது. "உள்ள போம்மா" என்று வழிவிட்டார் தாண்டவராயர். அவள் சும்மா வாசல்படி ஏறுவதைக் கண்டு வரிசை முணுமுணுத்தது. பின்னால் நின்ற கோமளவல்லி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவ பங்குக்கும் நானே கேட்டுட்டேன். பொறுமை, பொறுமை" என்று இரண்டு முறை சொல்லி, அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

அந்தப் பெண் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தாண்டவராயருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. பந்தி முடிந்ததும் அடிகளிடம் போனார்.

"பலகையை எடுத்துட்டேன் சாமி, கேள்வியையும் விட்டுட்டேன். அப்படியும் ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டுத்தான் உள்ள போறாங்க."

அடிகள் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சோத்தோட பிசைஞ்சு ஊட்டினது ஐயா. ஒரு வேளையில செரிச்சுடுமா?"