நீலக் கார்டை மூடப் போன கதை

நத்தம்பாறைப்பட்டியில் கல்யாணத்துக்குப் பந்தல் போடும் அண்ணன் தம்பிகள் மூன்று பேர்: சடையாண்டி, பெத்தணன், மொக்கராசு. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று இருந்தது. அதையும் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஜமுக்காளத்தோடு சுருட்டி விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

சடையாண்டியிடம் மூன்று கிரெடிட் கார்டு. நீலக் கார்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுத்துவரை கடன். சிவப்பும் பச்சையும் உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்தபடியே வருஷா வருஷம் கட்டணம் கேட்டன. அதைக் கட்டத்தான் அவர் மனைவி தவமணியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

தவமணி சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஆடிப்பெருக்குக்கு என் சங்கிலி கழுத்துல இருக்கணும். ஒரு கார்டாவது ஒழியணும். இல்லேன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

மூவரும் முதலில் பேங்குக்குப் போனார்கள். "உபயோகப்படாத கார்டை மூடிருங்க சார்" என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. நல்ல யோசனைதான். சொன்ன இடம்தான் தப்பு.

வெளியே பைக் நிறுத்தும் இடத்தில் கூடிப் பேசினார்கள்.

"உபயோகப்படாதுன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றான் மொக்கராசு.

"தேய்ச்சுப் பாக்காம ஒரு கார்டைத் தப்பாப் பேசக் கூடாதுடா" என்றார் சடையாண்டி.

எதிர்க்கடையில் சிவப்பைத் தேய்த்தார்கள். மிக்ஸி வந்தது. பச்சையைத் தேய்த்தார்கள். கிரைண்டர் வந்தது.

"இந்தத் தங்கங்களையாண்ணே மூட இருந்தோம்!" பெத்தணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நீலத்தைத் தேய்த்தார்கள். மெஷின் முடியவே முடியாது என்றுவிட்டது. "சிக்கிட்டான்!" என்று மூவரும் பேங்குக்கு ஓடினார்கள்.

"இதுல பாக்கி இருக்கே. முழுசும் கட்டினாத்தான் மூட முடியும்" என்றார் அந்த அம்மா.

சங்கிலி மீட்க வைத்திருந்த பணம் மொத்தமும் கவுண்டருக்குள் போனது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த சடையாண்டி நின்றுவிட்டார்.

"கடைசியா ஒரு தடவை தேய்ச்சுப் பாத்துருவோம். உசிரு இருக்கறதைப் பொதைச்சா பாவம்டா."

"மதினி சங்கிலி எங்கேன்னு வேற கேப்பாங்களேண்ணே" என்றான் மொக்கராசு. அதனால் நகைக்கடையில் தேய்த்துப் பார்த்தார்கள். நீலம் நல்ல உயிரோடுதான் இருந்தது. அச்சு அசலாக அதே மாதிரி ஒரு சங்கிலி வந்தது.

ஆடிப்பெருக்கன்று தவமணி சந்தோஷமாகச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு பாயசம் ஊற்றினாள். ஊற்றும்போதே, "கார்டு என்னாச்சு?" என்றாள்.

மூன்று பேரும் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

"எங்க ஊருக்குக் காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

"நாளைக்கே மூடிருறேன் தாயி!" என்று சடையாண்டி பதறினார். ஆனால் மூட வேண்டுமானால் பாக்கி கட்ட வேண்டும். பாக்கிக்கு எங்கே போவது? மறுநாள் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொல்லிச் சங்கிலியை வாங்கிக்கொண்டு, மூவரும் அடகுக்கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து பழைய சங்கிலியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதை ஏற்கெனவே வச்சுட்டீங்களே?"

"தெரியும்ணே" என்றார் சடையாண்டி. "அது இங்க தனியாக் கிடந்து ஏங்கிப் போயிருக்கும்ல? அதான் துணைக்கு ஒண்ணு கொண்டாந்தோம்."