ராணியம்மா காலடி

முன்னொரு காலத்தில் கொன்றையூர்ச் சீமையை மாவலிங்க ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவருக்குப் பாதி நாள் அரண்மனைச் சுவர்களை இடித்துக் கட்டுவதிலேயே போனது.

ஒருநாள் ராஜாவுக்குத் தும்மல் வந்தது. அரண்மனைச் சோதிடர் ஏகாம்பரனார் ஓடிவந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"படுக்கையறை பதினாலு அடி, மகாராஜா! மனையடி சாஸ்திரப்படி ஆகவே ஆகாது. பதினாறு வேணும்!"

உடனே கொத்தனார்கள் நடுச்சுவரை இடித்து, பக்கத்திலிருந்த ராணியின் அறைக்குள் இரண்டடி தள்ளிக் கட்டினார்கள். ராணி பூங்காவனம் சும்மா இருப்பாளா?

"என் அறையும் பதினாலுதான் இருந்துச்சு. இப்போ பன்னிரண்டு. இது மட்டும் ஆகுமா?" என்று அவள் போட்ட சத்தத்தில் சுவர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

ராஜா மந்திரி திருமேனியைக் கூப்பிட்டார். "ரெண்டு அறையும் பதினாறு அடி ஆகணும். வெளிச்சுவரைத் தொடக்கூடாது. நாளைக்குள்ள முடியலேன்னா உம்ம தலைப்பாகை சோதிடருக்கு!"

சோதிடர் இப்போதே தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். திருமேனி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். இருபத்தெட்டு அடிக்குள் முப்பத்திரண்டை எப்படி அடைப்பது? இந்த ஆள் மந்திரியானால் ஊரில் ஒரு வீட்டுச் சுவர்கூட மிஞ்சாதே!

மறுநாள் சபையில் திருமேனி மெதுவாக ஆரம்பித்தார். "சோதிடரே, அடின்னா யார் அடி?"

"இதுகூடத் தெரியாம மந்திரியா? வீட்டுக்கு உடையவர் காலடி! மகாராஜா பாதத்தை வச்சுத்தான் அளந்தேன்."

"சாஸ்திரம் மாறாதே?"

"என் தலையே போனாலும் மாறாது!"

"அப்போ தப்பா அளந்துட்டீரே! இந்த அரண்மனை ராணியம்மாவுக்கு அவங்க அப்பா கொடுத்த சீதனமாச்சே!"

ராஜா வீட்டோடு மாப்பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். வாய்விட்டுச் சொன்ன ஆள்தான் இல்லை.

சபையில் இருந்த ராணி, எல்லாரும் பின்னால் வர நேரே அறைகளுக்குப் போய், தன் சின்னப் பாதத்தால் அடிமேல் அடிவைத்து அளந்தாள். ராஜா அறை பதினாறு. அவள் அறையும் பதினாறு!

"என்னை வீட்டோட மாப்பிள்ளைங்கிறீரா?" ராஜா உறுமினார்.

"ஐயோ, நான் எங்கே சொன்னேன் மகாராஜா? சோதிடரோட சாஸ்திரம் சொல்லுது!"

ராணி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் சிரித்தபின் ராஜா என்ன செய்வார், பாவம்! அவரும் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

"ஏகாம்பரனாரே, மிச்சமிருக்கிற நூற்றெட்டு அறையையும் ராணி அடியால அளந்து சொல்லும். பின்னாலேயே குனிஞ்சு போய் அடிக்கு அடி சுண்ணாம்புக் கோடு போடணும்!"

ராணி வேண்டுமென்றே மெல்ல நடந்தாள். மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் சோதிடரால் நிமிர முடியவில்லை.

அதற்கப்புறம் ராஜாவுக்கு எத்தனை தும்மல் வந்தாலும் சரி, சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட ராணியைக் கேட்டுத்தான்.