செயின் பேச்சை நிறுத்திய நாள்

ஆடு மாடெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் சைக்கிள் செயினுக்கும் வாய் இருந்தது. எண்ணெய் வற்றினால் கேட்கும், மேடு வந்தால் திட்டும். சும்மா சொல்லக்கூடாது, வழி நெடுக நல்ல பேச்சுத் துணை.

இசக்கியப்பனிடம் அப்படியொரு சைக்கிள் இருந்தது. அவனுக்கு எதுவும் தொளதொளவென்று இருக்கக்கூடாது. படுத்தால் முதுகு வலிக்கும் அளவுக்குக் கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டுவான். மனைவி சண்முகக்கனி அடுத்த தெருவுக்குப் போனாலும் எப்போது வருவாய் என்பான். தங்கை வளைகாப்புக்கு இரண்டு நாள் போய் வருகிறேன் என்று அவள் கெஞ்சியபோது, "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

மறுநாள் காலை அவன் வயலிலிருந்து சைக்கிளில் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. "பம்பாய்ல இருக்க அண்ணன் வீட்டுக்கே போறாளாம், பத்து மணி ரயிலுக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இசக்கியப்பன் சைக்கிளைத் திருப்பினான். கோபம் வரும் என்று நினைத்தான், வரவில்லை. ரயில் கிளம்புமுன் போய், தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அவசரமாக மிதித்ததில் தொய்ந்து கிடந்த செயின் கழன்றது. அதை மாட்டி, பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தான்.

"அண்ணாச்சி, பெடல ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு முறுக்குங்க" என்றது செயின். "பல்சக்கரம் சரி வட்டமில்ல. இங்கன தொய்வேன், அரைச் சுத்து தள்ளி இறுகுவேன். இறுகுற இடத்துல ஒரு விரலு ஆட இடம் விடுங்க."

"ஒனக்கும் இடம் விடணுமோ? பேசாம கெட!"

தொய்ந்த இடத்திலேயே விறைப்பாக இழுத்து நட்டை முறுக்கிவிட்டான்.

ஏறி மிதித்தான். செயின் சுற்றுக்கு ஒருமுறை முனகியது. ரயிலடி மேட்டில் ரயில் கூவுவது கேட்டதும் அவன் எழுந்து நின்று மிதித்தான். "அண்ணாச்சி, முடியல" என்ற செயின் அறுந்து விழுந்தது.

ஓடினான். பிளாட்பாரத்தில் கால் வைத்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த கனி அவனைப் பார்த்தாளா என்றுகூடத் தெரியவில்லை. அவள் திரும்பி வரவேயில்லை, பாவம் அவன்.

செயினை ஒட்டுப்போட்டு மாட்டினான். அது பேசவில்லை; அன்றோடு எந்தச் சைக்கிள் செயினும் பேசவில்லை. பெடலை மெல்லச் சுற்றி, இறுகும் இடத்தில் நிறுத்தி, விரலால் அழுத்தி, "இம்புட்டு போதுமாடே?" என்று கேட்டான். பதிலில்லை. தினமும் கேட்டான்.

செயின் மாட்டுகிறவர்கள் பெடலை ஒரு சுற்றுச் சுற்றி, இறுகும் இடத்தில் அழுத்திப் பார்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அளவு பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். செயின் வாய்விட்டுச் சொன்னபோது கேட்காத நாம், அன்று முதல்தான் இப்படி விரல் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.