மல்லாந்த பரிசல்

செங்கோடன் சுள்ளங்குடிக்கு வந்து சேர்ந்த அன்று, மாட்டுவண்டியின் முன்னால் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் நாய்கள் குரைக்க மறந்துவிட்டன. இவ்வளவு பெரிய தொப்பி என்றால் தலை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவை பயந்துபோனதாகக் கேள்வி.

பவானிக்குக் கீழே காவிரியில் நாற்பது வருஷம் பரிசல் தள்ளியவர் அவர். ஆற்றுக்குப் பாலம் வந்தது. பிழைப்பு போனது. ஒரு காலத்தில் பஞ்சம் பிழைக்க ஆற்றங்கரைக்கு வந்து அவருக்கு வாழ்க்கைப்பட்ட முத்துராக்கு, "எங்க ஊர்ல ஒரு குடிசையும் பதினோரு ஆடும் கெடக்கு" என்றாள். கிளம்பிவிட்டார்கள்.

அந்த ஊர் வெயில் லேசுப்பட்டதல்ல. காக்கை பறக்காது, ஆட்டின் நிழலில் கூடவே நடந்து போகும். மழை வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அதுவும் வழி விசாரித்துக்கொண்டுதான் வரும்.

வந்த அன்றே செங்கோடன் ஒரு காரியம் செய்தார். வாசலில் இருந்த குடத்தைத் தூக்கி, முழுக் குடத்தையும் காலில் ஊற்றிக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஆற்றங்கரைப் பழக்கம். தெருவே எழுந்து நின்றது. அது முத்துராக்குவின் அக்காள் மூன்று மைல் நடந்து ஊருணியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்.

எதிர்வீட்டு இருளாயி மட்டும் வந்தாள். ஆடு மேய்க்கிறவள். முப்பத்தைந்து வயதுகூட இராது. ஆனாலும் ஊரில் கிழவர்கள்கூட அவளிடம்தான் யோசனை கேட்பார்கள்.

"அடுத்த தடவை முருங்கைக்கிட்ட நின்னு கழுவுங்கண்ணே. அதுக்கும் காலு இருக்கு."

அன்றைக்கே ஐம்பத்தெட்டு வயதுச் செங்கோடன் அவளுக்குச் சீடனாகிவிட்டார்.

ஆறு மாதம் போனது. தினமும் ஆடுகளுக்குப் பின்னால் நடந்தபடி அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தக் கட்டைய இந்த ஊரு எப்பத்தான் சேத்துக்கும்?"

இருளாயி ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவாள்.

ஒருநாள் ஊருணி அடி தெரிந்தது. அன்று செங்கோடன் முத்துராக்குவிடம் சொல்லிவிட்டார். "இந்த மழைக்குள்ள ஊரோட ஒட்டலீன்னா நான் கரைக்கே போயர்றேன். நீ உன்ற சனத்தோட இருந்துக்க."

முத்துராக்கு அன்று சோறு வடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் கேட்பதற்கு முன்பே இருளாயி பேசினாள். "அந்தப் பரிசலை மல்லாத்திப் போடுங்கண்ணே. உங்க வீட்டுக் கூரையும் பக்கத்து வீட்டுக் கூரையும் கூடுற மூலையில போடுங்க."

"மல்லாத்தவா? எங்க கரையில பரிசல கரையேத்துனா கவுத்துத்தான் வைப்போம். மல்லாத்தி வெச்சா ஆள் முழுகிப்போயிட்டான்னு அர்த்தமுங்க."

"இங்க முழுகுறதுக்கு என்ன இருக்கு?"

"எதுக்குன்னாச்சும் சொல்லுங்க."

"மேகம் ஒருதடவை பாத்துக்கிரட்டும்."

மல்லாத்திப் போட்டார். நாலு நாள் மேகம் எட்டிப்பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் கிழக்கே ஒரு கருப்பு எழுந்தது. ஆடுகள் மூக்கைத் தூக்கின. தெருவில் இருந்த ஏனம் எல்லாம் வெளியே வந்தது: குடம், அண்டா, உழக்கு, ஒரு கிழவனாரின் வெற்றிலைப் பெட்டிகூட. முதல் சொட்டு கத்தரிக்காய் அளவுக்கு விழுந்தது. அடுத்தது பூசணிக்காய் அளவு என்று சொல்வார்கள். நான் பாதியைத்தான் நம்புகிறேன்.

செங்கோடனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆறு மாதமாகக் காய்ந்து கிடந்த மனுஷன் மழையில் நனைந்து, சிரித்து, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். திரும்பி வந்தபோது பரிசலைப் பார்த்தார்.

பரிசலுக்குள் தண்ணீர். முழங்கால் அளவுக்கு.

அவ்வளவுதான். யோசிப்பதற்குள் உடம்பு உள்ளே குதித்துவிட்டது. பரிசலோடு ஆற்றங்கரையிலிருந்து வந்த தகர டப்பாவை எடுத்தார். இறைத்தார். காவிரியில் அவர் வேகத்துக்கு இறைக்க ஆள் கிடையாது. வலது கையால் வாரினால் இடது தோளுக்கு மேலே தண்ணீர் வில்லாகப் போகும். டப்பா கண்ணுக்கே தெரியவில்லை. தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது.

தெரு வாயைப் பிளந்து நின்றது. ஒரு வருஷத்து மழையை ஒருத்தர் மண்ணில் வாரி இறைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, என்ன செய்றீக?" என்றாள் முத்துராக்கு.

கை நின்றது. செங்கோடன் டப்பாவைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மழையும் விட்டுவிட்டது.

"பாதி போச்சு" என்றது ஒரு குரல். "மீதியாச்சும் இருக்கே" என்றது இன்னொன்று. மூன்றாவது குரல், "அதுவும் போகுது, அடியில பாருங்கப்பா" என்றது. வெயிலில் காய்ந்த பரிசல் தோலில் தையல் விட்டிருந்தது. நாலு பக்கமும் ஒழுகியது. ஆட்கள் சொம்போடு ஓடி வந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

செங்கோடன் தலை நிமிரவில்லை. "நாளைக்கே போயர்றனுங்க அம்மிணி. இந்தக் கை இந்த ஊருக்கு ஆகாதுங்க."

இருளாயி வீட்டுக்குள் போனாள். ஒரு குடத்தோடு வந்தாள். அவர் இறைத்த தண்ணீர் விழுந்து விழுந்து மண்ணில் ஒரு குழி பறித்திருந்தது. குடத்தைச் சரியாக அந்தக் குழியில் வைத்தாள்.

"கையை ஏன் நிறுத்துனீக? இறைங்கண்ணே. குடத்தை நாங்க மாத்திக்கிறோம்."

செங்கோடன் மறுபடி டப்பாவை முக்கினார். தண்ணீர் வில்லாக எழுந்தது, குடத்துக்குள் விழுந்தது, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. முத்துராக்கு அடுத்த குடத்தைத் தள்ளினாள். அவள் அக்காள் அதற்கடுத்ததை. நிறைந்த குடம் ஒரு பக்கம் போக, காலிக் குடம் மறு பக்கம் வந்தது. "மாமா, இன்னும் கொஞ்சம் மெதுவா. குடம் மூச்சு வாங்குது" என்றான் ஒருவன். ஊரே சிரித்தது. ஆறு மாதத்தில் அவரை மாமா என்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முப்பத்தேழு குடம் நிறைந்தபோது பரிசலில் ஈரம் மட்டும் மிச்சம். செங்கோடன் கீழே இறங்கினார். மூச்சு வாங்கியது. இறங்கின இடத்துச் சேறு முழங்கால் வரைக்கும் அப்பியது.

"அம்மிணி, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலீங்களே."

இருளாயி நிறைந்த குடம் ஒன்றைத் தூக்கி வந்து அவர் எதிரில் வைத்தாள்.

"காலெல்லாம் சேறு. கழுவிட்டு வீட்டுக்குள்ள போங்கண்ணே."

செங்கோடன் குடத்தைப் பார்த்தார். முத்துராக்குவைப் பார்த்தார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு நடந்தார்.