பாய்மரக் கயிறும் தாய்மாமன் மடியும்

வறட்டாற்றுப்பட்டி என்னும் ஊரில் ஆறு உண்டு. ஆற்றுக்குப் பாலம் உண்டு. பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்க்க ஆட்களும் உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது. இப்பேர்ப்பட்ட ஊரில்தான் நான்கு பெருமக்கள் ஒன்றுகூடி, மேசைமேல் வைக்கும் சிறு கப்பல்கள் செய்வதற்காக, பாய்க்கப்பல் மாதிரி செய்வோர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கடலோரத்தில் இருந்துகொண்டு கப்பல் செய்வது யாராலும் ஆகும். கடலைக் கண்ணால் காணாதவன் செய்வதில்தான் பெருமை என்பது அவர்கள் கொள்கை.

சங்கத் தலைவர் உமையொருபாகம், லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். காத்தமுத்துவிடம் நல்ல கைப்பேசி இருந்தது. ஆகையால் அவர் செயலாளர். பொருளாளர் வெள்ளைத்துரை ஐந்தாம் வகுப்பைத் திரும்பத் திரும்பப் படித்தவர். அந்த வகுப்புப் பாடத்தில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நான்காமவர் கூத்தபெருமாள். அவருக்குப் பதவி எதுவும் இல்லை. உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அவர் சென்ற பேருந்து நடுவழியில் நின்றுபோயிற்று. ஓட்டுநர் உட்பட எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். கூத்தபெருமாள் உள்ளே உட்கார்ந்தபடியே தள்ளப்பட்டார்.

கப்பலின் அடிப்பாகம் தலைவருடைய மருமகன் வாங்கி அனுப்பிய பெட்டியில் முழுதாகவே வந்துவிட்டது. அதனால்தான் அது உருப்படியாக இருந்தது. பாய்மரங்களை நட்டு, கயிறு கட்டி, பாய் ஏற்றும் வேலை மட்டுமே பாக்கி. அதற்கு வழிகேட்கும் பொருட்டு, தென்பகுதிக் கப்பல் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சங்கம் சேர்ந்தது.

முதல் நாள் காத்தமுத்து, பிரிக்காத பெட்டியைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். நொடியில் பாராட்டுகள் வந்து குவிந்தன. "அருமை!" "என்ன ஒரு நுணுக்கம்!" "இந்தக் கைவண்ணம் யாருக்கு வரும்!" என்று குழுவே கொண்டாடியது. அக்குழுவில் யாரும் யாருடைய படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. தம் படத்துக்குப் பாராட்டு வர வேண்டுமானால் பிறர் படத்துக்கு முந்திக்கொண்டு பாராட்டிவிட வேண்டும் என்பதே அங்கே சட்டம். இது தலைவருக்குத் தெரியாது. அவர் கண் கலங்கினார்.

"நாம கையே வைக்கல. அதுக்குள்ள கைவண்ணம் தெரிஞ்சுபோச்சு பாத்தீங்களா?" என்றார்.

பெட்டியில் இருந்த தாளில், இக்கப்பலில் உள்ள அனைத்தும் அசல் கப்பலில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அச்சிட்டிருந்தது. இதனைத் தலைவர் உரக்கப் படித்ததும், முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைத்துரை கையை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அப்ப முடிச்சு?"

"முடிச்சும் அனைத்திலே அடக்கம்தான்."

"அசல் கப்பல்ல முடிச்சு எவ்வளவு இறுக்கமா இருக்கும்?"

"அவிழவே அவிழாது."

"அதுல ஐம்பதுல ஒரு பங்கு இறுக்கினாப் போதும். அதுக்குமேல இறுக்கினா அளவு தப்பிப்போகும்."

அளவு தப்பாமல் எல்லா முடிச்சுகளையும் போட்டார்கள். பாய்மரங்கள் மூன்றும் கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் கிடைக்காதவர்களைப் போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. படம் குழுவுக்குப் போயிற்று. வழக்கம்போல் "அருமை" மழை பொழிந்தது. ஒரே ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. அவர் தூத்துக்குடித் தோணிகளில் காலம் கழித்த பர்னாந்து ஐயா. அவர் குரல்பதிவு ஒன்றை அனுப்பினார்:

"ஏ தம்பிமாரே, அது கப்பலா, கொடியில காயப்போட்ட துணியா? எல்லாத்தையும் அவுத்துட்டு மறுபடி கட்டுங்க. முடிச்சுல பசையத் தடவணும். நூல் நுனிய அசையாத பொருளா ஒண்ணப் பாத்து, அதுல இழுத்துக் கட்டிப்போடணும். போட்டோ அனுப்புங்க. நான் பாத்துச் சொல்லுற வரைக்கும் ஒருத்தனும் நூலத் தொடக் கூடாது, ஆமா."

சங்கம் உடனே கூடி, அசையாத பொருள் எது என்று ஆராய்ந்தது.

"சன்னல்?" என்றார் காத்தமுத்து.

"திறக்கும், மூடும். அது அசையுற சாதி" என்றார் தலைவர்.

"அப்ப சுவரு?"

வெள்ளைத்துரை இகழ்ச்சியாகச் சிரித்தார். "பூமி சுத்துதுன்னு அஞ்சாம் வகுப்புல இருக்கு. பூமி சுத்தும்போது சுவரு மட்டும் சும்மா நிக்குமா?"

சபை திகைத்தது. சுவரும் கைவிட்டபின் உலகில் வேறு எதை நம்புவது? அப்போது தலைவரின் பார்வை மெல்லத் திரும்பி, மூலையில் நாற்காலியில் இருந்த கூத்தபெருமாள்மீது படிந்தது.

"அவரும் பூமியோட சேந்து சுத்தத்தானே செய்வாரு?" என்று காத்தமுத்து ஐயம் எழுப்பினார்.

தலைவர் இதையும் நிறுத்துப் பார்த்தார். "நல்லா யோசி. கூத்தபெருமாள அசையச் சொல்லி எத்தனை பேரு சொல்லியிருக்காங்க! அசைஞ்சாரா? சுவர இதுவரைக்கும் யாருமே அசையச் சொன்னதில்ல. சொன்னா என்ன செய்யுமோ, யாருக்குத் தெரியும்?"

முடிச்சுகளில் பசை தடவினார்கள். நூல்களைக் கூத்தபெருமாளின் விரல்களிலும், சட்டைப் பொத்தான்களிலும், இரு காதுகளிலும், மீசையின் இரு முனைகளிலும் இழுத்துக் கட்டினார்கள். நடுப் பாய்மரம் வலக்கைக் கட்டைவிரலை நம்பி நிமிர்ந்தது. கூத்தபெருமாளுக்கு உள்ளம் பூரித்தது. சும்மா இருப்பதற்காக வீட்டில் வசவு வாங்கியவரை, சும்மா இருக்கிறார் என்பதற்காகவே ஒரு சங்கம் வேலைக்கு எடுத்துக்கொண்டால் பூரிக்காதா?

படம் போயிற்று. "அருமை! பின்னால் இருக்கும் சிலை எந்தக் கோயிலைச் சேர்ந்தது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பர்னாந்து ஐயாவிடமிருந்து மட்டும் பதில் இல்லை. அவருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. கைப்பேசிப் பக்கமே திரும்பக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. பசை காய்ந்தது. காய்ந்து வெடிப்பும் விட்டது. ஆனால் அவர் சொல்லும் வரை நூலைத் தொடக் கூடாதல்லவா? பொழுது விடிந்தும் கூத்தபெருமாள் நாற்காலியிலேயே இருந்தார்.

அன்று காலையில்தான் அவருடைய கடைக்குட்டித் தங்கை பேச்சியம்மாளின் பெண் குழந்தைக்கு அய்யனார் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். கூடப்பிறந்த மாமன் உயிரோடிருக்கையில் வேறொருவன் மடி கொடுத்துவிட்டால், அந்தப் பேச்சு தலைமுறை தாண்டியும் ஊரில் நிற்கும். கூத்தபெருமாளின் உடம்பில் ஊர் வேலை வாங்கியது அந்த மடியிடம் மட்டுமே. அதற்கும் இப்போது ஆபத்து வந்தது.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

"என்னண்ணே இது? சிலந்தி வலையில விழுந்த பூச்சி மாதிரி உக்காந்திருக்கே? எந்திரி! ஆசாரி வந்து ஊசியெல்லாம் எடுத்து வச்சுட்டாரு."

"எந்திரிக்கக் கூடாது தாயி. கப்பல் சாஞ்சுரும்."

"கப்பலா? இந்த ஊருல குடிக்கத் தண்ணியில்ல, கப்பலு கேக்குதோ ஒனக்கு? அங்க பெரியப்பா மகன் ராசுக்குட்டி புது வேட்டியக் கட்டிக்கிட்டு, விடிஞ்சதுலருந்து சம்மணம் போட்டு மடிய விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்தா ஒன் மடி. இல்லேன்னா அவன் மடி. அப்புறம் மாமன்னு சொல்லிக்கிட்டு என் வாசல்ல மிதிக்காதே!"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கூத்தபெருமாளின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசை நுனியை நோக்கி இறங்கியது.

"அழாதேப்பா!" என்று வெள்ளைத்துரை பதறினார். "முடிச்சுக்குப் போயிரும். பசை ஈரமாயிருச்சுன்னா மறுபடி முதல்லருந்து காயணும்!"

சங்கம் அவசரமாகக் கூடியது. கூத்தபெருமாள் போகவும் வேண்டும், அசையவும் கூடாது. நெடுநேரம் ஆராய்ந்து தலைவர் தீர்ப்புக் கூறினார்:

"அவரு அசையாம, நாம அசைச்சா அது அவரு அசைஞ்சதா ஆகாது. நாற்காலியோட தூக்குங்க."

குட்டியானை என்று ஊரார் சொல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்று வந்தது. பின்தட்டில் நாற்காலியும் கூத்தபெருமாளும், எதிரே மேசையும் கப்பலும், இடையிலே நூல்களும் ஏற்றப்பட்டன. வண்டி வேகம் எடுத்ததும், தலைவரின் பழைய வேட்டியில் வெட்டிய பாய்கள் காற்றில் உப்பின. நூல்கள் விறைத்தன.

"அண்ணாச்சி! காதப் பிடிச்சு இழுக்குது!" என்று கூத்தபெருமாள் அலறினார்.

"அப்பக் கப்பல் ஓட ஆரம்பிச்சிருச்சு!" என்று தலைவர் முழங்கினார். "டிரைவர் தம்பி, இனிமே இன்ஜின் எதுக்கு? நிறுத்துங்க. டீசலாவது மிஞ்சட்டும்."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். பிறகு, வாடகை பேசியாகிவிட்டது என்ற தைரியத்தில் சாவியைத் திருப்பினார். வண்டி கொஞ்சதூரம் உருண்டு, பொட்டல் நடுவே நின்றது. பாய்கள் தொங்கின.

"சரியான நேரத்துல காத்து விழுந்துபோச்சே" என்றார் காத்தமுத்து, வானத்தைப் பார்த்து.

"மாலுமிக்கு இதெல்லாம் சகஜம். காத்து வரட்டும், பொறுப்போம்" என்றார் தலைவர். நால்வரும் பொறுமையாக இருந்தார்கள். கோயிலிலிருந்து மேளச் சத்தம் மட்டும் வந்தது. கூத்தபெருமாள் முதன்முறையாகத் தம் வாழ்நாளில் அவசரப்பட்டார்.

"அண்ணாச்சி, என் மடி போச்சு அண்ணாச்சி! ராசுக்குட்டி மடியத் தட்டிக்கிட்டு இருப்பான்! இன்ஜினையே போடச் சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"என்னய்யா, காத்த வரவழைக்கவா, வேண்டாமா?" என்று கேட்டபடி ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். வண்டி நகர்ந்ததும் காற்று வந்தது. இந்த ஓட்டுநருக்கு வாயு பகவானிடம் நேரடிப் பழக்கம் இருக்கிறது என்று சங்கம் அப்போதே முடிவு செய்தது.

கோயில் மண்டபத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை, ராசுக்குட்டியின் மடியில் இறக்கப்போகிற சமயம். நாற்காலி மண்டபத்துக்குள் மிதந்து வந்தது. பின்னாலேயே கப்பலும் வந்தது.

"நிறுத்துங்க! கூடப்பிறந்த மடி வந்திருச்சு!" என்று கூவினார் கூத்தபெருமாள்.

பேச்சியம்மாள் அவரைப் பார்த்தாள், கப்பலைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் குழந்தையை ராசுக்குட்டியின் மடியைத் தொடுமுன் வெடுக்கென்று பறித்து, நூல்களுக்கிடையே சந்து பார்த்து அண்ணன் மடியில் வைத்தாள். ராசுக்குட்டி விரித்த மடியை என்ன செய்வதென்று தெரியாமல் அதில் ஒரு தேங்காயை எடுத்து வைத்துக்கொண்டான்.

ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காதில் குழந்தை வீரிட்டது. அடுத்த காதில் இரண்டு கைகளாலும் கிடைத்த நூலையெல்லாம் பற்றிக்கொண்டு, காலை உதைத்து, பின்னால் சாய்ந்தது. படார் படாரென்று நூல்கள் அறுந்தன. மூன்று பாய்மரங்களும் சந்தனக் கிண்ணத்தில் விழுந்தன. கூத்தபெருமாளின் மீசை பாதியளவு கப்பலோடு போயிற்று. ஆனால் அந்த மடி ஓர் இம்மியும் அசையவில்லை. காது குத்தி முடிந்தது. மேளம் கொட்டியது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமன்னா எங்கண்ணன்தான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கூத்தபெருமாள் எழுந்து நின்று, நெட்டி முறித்து, நேரே பந்திக்கு நடந்தார்.

இலை போட்டு, கறிக்குழம்பும் ஊற்றியாயிற்று. அவர் முதல் கவளத்தை உருட்டும்போது, காத்தமுத்துவின் கைப்பேசி கூவியது. பர்னாந்து ஐயாவின் குரல்:

"கண்ணுக் கட்டு இப்பத்தாம்ப்பா பிரிச்சாங்க. பசை காஞ்சிருக்கும். இனிமே நூல் நுனிய இழுத்துக் கட்டின முடிச்சையெல்லாம் அவுத்துருங்க."

சங்கம் பந்தியிலேயே கூடியது.

"அவுக்கச் சொல்லிட்டாரு" என்றார் தலைவர்.

"அவுக்கறதுக்கு முடிச்சு இல்லையே. எல்லாம் அறுந்துல்ல போச்சு?" என்றார் காத்தமுத்து.

"பெரியவரு வார்த்தையத் தட்டலாமா? முதல்ல கட்டுவோம். கட்டினாத்தானே அவுக்க முடியும்?" என்றார் வெள்ளைத்துரை.

அது கூத்தபெருமாள் உட்பட எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. அவர் கவளத்தை இலையில் வைத்துவிட்டு நாற்காலியில் போய் அமர்ந்தார். விழுந்த பாய்மரங்களை நிறுத்தி, நூலை ஒட்டுப்போட்டு, விரல்களிலும் காதுகளிலும் மீதமிருந்த மீசையிலும் மறுபடி கட்டினார்கள். கட்டி முடித்து நால்வரும் அசையாமல் காத்திருந்தார்கள்.

பரிமாற வந்த பேச்சியம்மாள் வாளியோடு நின்றாள். "அடப் பாவிகளா, மறுபடியுமா? இப்ப எதுக்குய்யா காத்திருக்கீங்க?"

"பசை காயணும்மா" என்றார் தலைவர்.

"இப்பக் கட்டினதுல பசையே தடவலையே! நான்தான் பாத்துக்கிட்டு நின்னேனே?"

தலைவர் உமையொருபாகம் அவளை இரக்கத்தோடு நோக்கினார்.

"அதனாலதாம்மா நேரமாகுது. தடவின பசையே காய ஒரு ராத்திரி ஆச்சு. தடவாத பசை அவ்வளவு சீக்கிரம் காஞ்சிருமா?"