இரண்டு பிடி அரிசி

"எங்க வீட்ல இப்ப ஒண்ணுமே நடக்க மாட்டேங்கு, சிஸ்டர்" என்றார் தங்கையா ஐயர்.

புஷ்பம் சிஸ்டர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நல்லதுதான" என்றார்.

"நல்லதா? ஆறு வாரமா பிரசங்கத்துக்கு ஒரு சங்கதி கிடைக்கல."

முறம் நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். தங்கையா ஐயர் பேர் வாங்கிய போதகர். அவர் பிரசங்கம் என்றால் பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். வேதத்தை விளக்க அவர் எங்கும் அலைவதில்லை. எல்லாம் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டுவிடும்.

மனைவி கிருபாவதி அரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்தால், ஞாயிற்றுக்கிழமை அது பரலோகராஜ்யம். மகள் எப்சிபா சைக்கிளிலிருந்து விழுந்தால் ஆதாமின் வீழ்ச்சி. நினைவு தப்பிய மாமனார் சொந்த மகளைப் பார்த்து, நீ யாரம்மா என்று கேட்டால், அது தேவனை மறந்த இஸ்ரவேல். கிருபாவதிக்கு மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோனது. அதுவும் பாறைமேல் விழுந்த விதையாகப் பீடம் ஏறியது.

சபை அழுதது. சபைப் பத்திரிகையில் அச்சுப் போட்டார்கள். வீட்டையே வேதமாக வாசிக்கிற மனுஷன் என்று புகழ்ந்தார்கள்.

வீடு என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வீடு ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

ஐயர் உள்ளே நுழைந்தால் அடுப்படிப் பேச்சு நின்றுபோகும். என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றால், ஒன்றுமில்லை என்பார்கள். குடும்ப ஜெபத்தில், யாருக்காவது விண்ணப்பம் உண்டா என்று கேட்பார். எல்லாருக்காகவும் ஜெபியுங்கள் என்பாள் மகள். குழம்பில் உப்பைப் பற்றியாவது பேசலாம் என்றால், உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அதுகூடப் பரவாயில்ல" என்றார் ஐயர். குரல் இறங்கிவிட்டது.

எப்சிபாவுக்கு ஆவணி கடைசியில் கல்யாணம். ஐந்நூறு பேருக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் தங்கையா ஐயர். சொந்த மகளுக்குக் கொடுக்க வேண்டாமாம். வேறு ஐயர் நடத்தட்டும் என்று மகள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். கிருபாவதி சோறு பரிமாறும்போது அதை ஒரு வரியில் அவரிடம் சொன்னாள். சரி, தகப்பனாக அவளைக் கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிவரலாம் அல்லவா? அதற்கும் தாய்மாமாவிடம் சொல்லியாயிற்று.

"அப்ப நான் எங்க நிக்கணும்னு கேட்டேன். சபையோட உக்காருங்கன்னுட்டா."

புஷ்பம் சிஸ்டர் முறத்தைக் கீழே வைத்தார்.

சிஸ்டரின் ஜெபவீடு செம்மண் தேரியின், அந்தச் சிவந்த மணற்காட்டின், நடுவில் இருந்தது. ஆடிக் காற்றில் அந்த மணல் நகரும். நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. பனைமரங்கள் இடுப்பளவு புதைந்து, குளிக்க இறங்கியவைபோல் நிற்கும். ஐயர் நடந்து வந்த தடம் அவர் திரும்பிப் பார்க்குமுன்பே அழிந்துகொண்டு வந்தது. அந்த இடத்தில் இந்த அம்மாள் பதினைந்து வருஷமாகத் தனியாக இருக்கிறார். வயது நாற்பத்திமூன்று. ஐயரைவிடப் பதினான்கு இளையவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் போனவர்கள் திரும்பி வரும்போது முகம் வேறாக இருக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் ஐயர் வந்திருந்தார். முன்பின் பார்த்த ஞாபகம் இல்லை.

சிஸ்டர் உலை வைத்தார். அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் இருந்த கலயத்தில் போட்டு மூடினார். மிச்சம் உலைக்குள் போனது.

ஐயருக்கு முகம் மலர்ந்தது. அந்த வழக்கம் அவருக்குத் தெரியாததா? ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் பெண்கள் ஒரு பிடி ஒதுக்கி வைப்பார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் பட்டினியே கிடந்தாலும் அந்தப் பிடியை யாரும் உலையில் போடுவதில்லை.

"கைப்பிடி அரிசின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த காரியம் மறந்துவிட்டது.

முப்பது வருஷமாகச் சொல்லிவருகிற கதை. ஒரு கிராமத்தில் ஒரு சின்னப்பெண். வீட்டில் தகப்பன் இல்லை, அடுப்பில் நெருப்பு இல்லை. கோயிலில் சேர்ந்திருந்த காணிக்கை அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள், பிள்ளைகளைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு முடிந்ததும், வாலிபப் போதகரான தங்கையாவிடம் வந்து அழுதாள்.

ஐயர் வழக்கமான இடத்தில் நிறுத்தினார். வழக்கமான இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பிடி அரிசி. ஒரே ஒரு பிடி. ஆனா அவ இருதயம் எவ்வளவு பாரப்பட்டுது பாருங்க..."

"ரெண்டு பிடி" என்றார் புஷ்பம் சிஸ்டர்.

ஐயர் சிஸ்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

வெளியே காற்று பனையோலைகளைப் போட்டு உலுக்கியது. கதவுக்கடியில் கொஞ்சம் மணல் உள்ளே வந்து படுத்தது.

"பேரு சொல்லல நீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பேரு சொல்லாமத்தான் பிரசங்கம் பண்ணுனீங்க. மூணாவது வரிசையில இருந்தோம். எங்கம்மா என் பக்கத்துல."

சிஸ்டர் உலையைக் கிண்டினார்.

"எங்கம்மாவுக்குப் பேரு தேவைப்படல."

ஐயர் வாயைத் திறந்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அவர் முன்னால் கஞ்சியும் துவையலும் வந்தன.

"சாப்பிடுங்க. கஞ்சி ஆறுது."

சாப்பிட்டார். சாப்பிட்டாரா, கஞ்சிதான் அவரை விழுங்கியதா, தெரியாது. அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். கனவில் தம்முடைய கோயில். பெஞ்சுகளில் ஆட்கள் இல்லை. வரிசை வரிசையாகக் கலயங்கள், எல்லாம் மூடியோடு. முன்வரிசையில் மூன்று. அவர் பீடத்திலிருந்து இறங்கிப்போய் ஒரு மூடியில் கை வைத்தார். அது சூடாக இருந்தது, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோல.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சிஸ்டர் ஒரு சின்னக் கலயத்தை அவர் மடியில் வைத்தார். காலியாக இருந்தது.

"வீட்ல யாராவது உங்ககிட்ட ஒண்ணு சொன்னா, ஒரு பிடி அரிசி இதுல போடுங்க. சொன்னதையும் சேத்துப் போட்டு மூடிருங்க."

"எதுக்கு?"

"நெறஞ்சதும் வாங்க."

ஒன்பது நாள் கலயம் காலியாகவே கிடந்தது.

பிரச்சினை வேறு ஒன்று. அரிசி டின் இருப்பது அடுப்படியில். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் ஐயர் அங்கே உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார்ந்தார். வெங்காயம் உரிக்கத் தந்தாள் கிருபாவதி. அவர் உரித்ததில் தோல் பாதி, வெங்காயம் பாதி குப்பைக்குப் போனது. அவள் குப்பையிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கிக் கழுவினாள்.

பத்தாம் நாள், அம்மியை நகர்த்தும்போது, முட்டி வலி தாங்கலை என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஐயர் எழுந்து ஒரு பிடி போட்டார்.

கிருபாவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முடவனை நடக்கவைத்த பகுதி வந்தது. முட்டி ஐயரின் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீர் குடித்தார். அது உள்ளே போய்விட்டது.

பிரசங்கம் பதினொரு நிமிஷத்தில் முடிந்தது. வாசலில் சபை மூப்பர் தனசிங் பிடித்துக்கொண்டார். வீட்டில் எல்லாரும் சுகம்தானே என்று விசாரித்தார். பிரசங்கத்தில் ஒருவரையும் காணோமே என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

மறுவாரம் எப்சிபா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவள் டீச்சர். அன்று சாயங்காலம் மின்சாரம் இல்லை. அடுப்படி இருட்டில் தகப்பன் வெங்காயத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள்.

"அந்தக் கலயத்துல என்ன?"

"அரிசி."

"எதுக்கு?"

அருமையான பதில் ஒன்று ஐயருக்கு வந்தது. மூன்று தலைப்பு, ஒரு முடிவுரை. கண்ணில் வெங்காயம் பட்டதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"சும்மா" என்றார்.

அவள் பையை இறக்கி வைத்தாள். பிறகு ஒரு காரியம் சொன்னாள். இதை ஒளிக்க வேண்டியதில்லை, அவளே பின்னால் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், மதிய ஜெபத்தில், எங்கள் டீச்சருக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை கொடும், அவர் டீச்சரைத் தூரமாகக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று ஜெபித்தானாம்.

பழுத்த மாம்பழம்போன்ற சங்கதி. எந்தப் போதகரும் அதற்காக ஒரு வாரம் உபவாசம் இருப்பார். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் தூண்டிலாகப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டு தகப்பன் வாயையே பார்த்தாள்.

ஐயர் சங்கீதத்தை வாசித்தார். இரண்டு வார்த்தை விளக்கினார். உட்கார்ந்துவிட்டார்.

தனசிங் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைக் காதில் வைத்துக் கேட்டார்.

எப்சிபா கையை அவிழ்த்து மடியில் வைத்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தது. மாவு வழிந்தது. மாமனாருக்கு ஒரு காலையில் மகளின் பேர் ஞாபகம் வந்தது, பத்தே நிமிஷம். அந்தக் கலைந்துபோன குழந்தைக்குத் தான் ஒரு பேர் வைத்திருந்ததாகக் கிருபாவதி சொன்னாள். என்ன பேர் என்றும் சொன்னாள். ஐயர் அரிசி போடப் போகவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, அவளே எழுந்துபோய்ப் போட்டாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும். மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வேட்டிகளும் சேலைகளும் காற்றில் எழும்பி எழும்பி, ஆள் இல்லாமல் நடந்தன. அவற்றின் ஊடே எப்சிபா வந்தாள். அப்பா என்றாள்.

சுவரோரம் நின்றிருந்த ஐயர் திரும்பவில்லை. திரும்பினால் அவள் பேச்சு நின்றுவிடும் என்று பயம்.

அவள் சொன்னாள். ஈரத் துணிகளுக்கு மறைவில் நின்று, முழுவதும் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள்.

ஐயர் இறங்கி வந்து டின்னைத் திறந்தார். இரண்டு பிடி அள்ளிப் போட்டார். கலயம் நிறைந்துவிட்டது. மூடியை வைத்து அழுத்தி, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தேரியில் காற்று தணிந்திருந்தது. புஷ்பம் சிஸ்டர் அடுப்பின் முன் இருந்தார்.

ஐயர் கலயத்தை அவர் முன்னால் வைத்தார். சிஸ்டர் மூடியை எடுத்துப் பார்த்தார். புழுங்கல், பச்சரிசி, கொஞ்சம் ரேஷன் அரிசி, எல்லாம் கலந்து கிடந்தது. கோயிலுக்குப் போகும் மூட்டையில் கொட்டிவிட்டு, காலிக் கலயத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"சிஸ்டர், முப்பது வருஷமா ஒரு பிள்ளையோட கதையைச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார் ஐயர். "இப்ப அது மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா?"

"சுத்தமா."

சிஸ்டர் அடுப்புப் புகையை முந்தானையால் விசிறினார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். கஞ்சியை எடுத்து வைத்தார்.

"கல்யாணத்தை யாரு நடத்துதா?"

"பக்கத்து ஊரு ஐயர்தான். அது மாறல."

"நீங்க எங்க நிக்கீங்க?"

"மக பக்கத்துல. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

வெளியே ஒரு மணல்மேடு சத்தமில்லாமல் சரிந்தது. புதைந்திருந்த பனை ஒன்று ஒரு சாண் வெளியே வந்தது.

சிஸ்டர் இன்னொரு அகப்பைக் கஞ்சி ஊற்றினார். பிறகு, சாதாரணமாக, துவையலை நகர்த்தி வைத்துக்கொண்டே கேட்டார்.

"மக அப்படி என்னதான் சொன்னா?"

தங்கையா ஐயர் கலயத்துக்கு மூடியை எடுத்துப் போட்டார்.

"கஞ்சி ஆறுதும்மா" என்றார்.