குண்டுப்பாறையும் கீரி சொன்ன நேரமும்

ஓடைக்கரையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்து வளையில் வெள்ளச்சி என்ற கீரி தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. ஒருநாள் அது இரை தேடிப் போயிருந்தபோது அடைமழை கொட்டியது. மேட்டிலிருந்த குண்டுப்பாறை ஒன்று சரிந்து உருண்டு வந்து, வளையின் வாயை அடைத்தபடி பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வந்த வெள்ளச்சி பாறையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. உள்ளே குட்டிகள் கீச்கீச்சென்று கத்தின. ஓடை வெள்ளமோ கரையேறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் ஏறினால் வளைக்குள் புகுந்துவிடும்!

"பயப்படாதீங்க கண்ணுங்களா! உங்களை வெளியே எடுக்காம அம்மா ஓய மாட்டேன்!"

நகம் பெயரும் வரை பறித்துப் பார்த்தது. சுற்றிலும் கல்தான். உடனே, பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த பெரியகருப்பன் என்ற காட்டெருமையிடம் ஓடியது.

"அண்ணே, என் பிள்ளைகளைக் காப்பாத்துங்க!"

"இவ்வளவுதானா? ஒரே முட்டுல தூள் பண்ணிடறேன்!" என்றது பெரியகருப்பன்.

பத்தடி பின்வாங்கி ஓடி வந்து முட்டுவதுதான் காட்டெருமைகளின் குல வழக்கம். அப்படியே முட்டியது. பாறை ஓடைப் பக்கம் நாலு விரல் அசைந்தது, திரும்பி வந்தது, இப்படியே முன்னும் பின்னும் ஆடியது. பெரியகருப்பன் மறுபடி ஓடி வந்து, திரும்பி வருகிற பாறையின் மேலேயே 'ணங்'கென்று மோதியது. பாறை அப்படியே நின்றுவிட்டது. பாவம், எருமைக்குத்தான் தலை சுற்றியது.

மரத்தின் மேலிருந்த குரங்கு கைதட்டிச் சிரித்தது. "கல்லுக்கு வலிக்கப்போகுது, பார்த்து முட்டுங்க!"

எருமைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி பின்வாங்கியது. ஆனால் வெள்ளச்சி பாறையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அது ஆடியதைப் பார்த்திருந்தது. ஆட்டம் எப்போது நின்றது என்பதையும் பார்த்திருந்தது. குடுகுடுவென ஓடிப் பாறையின் முன்னால் நின்றுகொண்டது.

"வேணாம் அண்ணே! வர்ற பாறையை எதிர்த்து முட்டினா, அதோட ஓட்டமும் உங்க பலமும் ஒண்ணையொண்ணு தின்னுடுது. நெத்தியை வச்சு மெதுவா தள்ளுங்க. அது வரும்போது விட்டுடுங்க. போகும்போது நான் சொல்றேன், அப்போ மட்டும் தள்ளுங்க!"

"மெதுவாவா? நானா? எங்க கூட்டம் கேட்டா காறித் துப்பும்!"

"முட்டித்தான் ஆகணும்னா முதல்ல என்னை முட்டுங்க!" என்றது வெள்ளச்சி. அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பெரியகருப்பன் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தது. "சரி" என்று பெருமூச்சு விட்டது. வெள்ளச்சி ஒதுங்கியதும், நெற்றியைப் பாறையில் வைத்து லேசாகத் தள்ளியது.

பாறை இரண்டு விரல் போனது. திரும்பி வந்தது. மறுபடி போகத் தொடங்கியது.

"இப்போ!"

நாலு விரல் போனது.

"விடுங்க, வரட்டும்... இப்போ!"

ஒரு சாண். அடுத்து ஒரு முழம். குரங்கு சிரிப்பதை மறந்துவிட்டது. அதற்குள் வெள்ளம் பள்ளத்தில் வழியத் தொடங்கியது. குட்டிகளின் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. ஓடி வந்து முட்டிவிடலாம் என்று எருமைக்குக் கால் துடித்தது. வெள்ளச்சிக்கும் அவசரம்தான். ஆனாலும் பாறை முழுசாகத் திரும்பி வரும் வரை அது வாயைத் திறக்கவில்லை.

"இப்போ!"

பாறை பள்ளத்தின் விளிம்பில் ஏறியது. ஒரு கணம் நின்றது. பிறகு அந்தப் பக்கம் புரண்டு தொபுக்கடீரென்று ஓடையில் விழுந்தது!

இரண்டு குட்டிகள் சேறும் சகதியுமாக வெளியே ஓடி வந்தன. மூன்றாவதை வெள்ளச்சி உள்ளே புகுந்து பிடரியைக் கவ்வி இழுத்து வந்தது. அது தும்மியது. தாயின் கண்கள் நிறைந்துவிட்டன.

எல்லாரும் மேட்டில் ஏறிய பிறகும் பெரியகருப்பனுக்கு ஆச்சரியம் தீரவில்லை. "ஏன் தங்கச்சி, நான் லேசாத்தானே தள்ளினேன்?"

"ஆமா அண்ணே. ஆனா நீங்க தள்ளினது எதுவும் வீணாப் போகல. ஒவ்வொண்ணும் பாறையோட ஆட்டத்துல சேர்ந்துகிட்டே வந்துச்சு!"

கண்மூடித்தனமாக மோதித் தீர்க்கிற பெரும்பலத்தைவிட, நேரம் பார்த்து விடாமல் சேர்க்கிற சிறுபலமே பாறையைப் புரட்டும்.